வளவுக் குடும்பம்: பெரியப்பாவின் குளிசை

சாந்தி சித்தி: அத்தான்ர வலிப்புக் குளிசை மூளையில சோடியத்தை நிப்பாட்டுமாம், லண்டன் குழுவில வந்தது. அதுதானாம் தள்ளாடுறார். ரெண்டு நாளா கஞ்சியில உப்புக் கூட்டிக் குடுக்கிறன். சரிதானே?

ரூபன்: பிறஷரும் இருக்கு சித்தி

வத்சலா அக்கா: சித்தி, உப்புக் கூட்டாதேங்கோ. அவற்ர குளிசை பெனிடொயின், அது பிடிக்கிறது சாப்பாட்டுச் சோடியத்தை இல்லை, நரம்புக் கலத்தின்ர சோடியக் கதவை. கலத்துக்கு வெளியில சோடியம் கூட, உள்ளுக்க பத்திலொரு பங்குதான். துடிப்பு போகேக்க கதவு ஒரு மில்லி செக்கன் திறந்து தானே பூட்டும், கொஞ்சம் ஆறித்தான் திரும்பத் திறக்கும். பூட்டின அந்த நிலையிலதான் மருந்து போய் ஒட்டுது, ஆறுற நேரம் நீளுது. மெல்லத் துடிக்கிற கலத்துக்குப் பெரிசாத் தெரியாது. வலிப்பில செக்கனுக்கு நூற்றுக்கணக்கில துடிக்கிற கலம்தான் மாட்டும்.

பெரிய மாமா: ஞாயிறு மண்டபம் 9.30. வான் ஆர்?

தர்ஷி: ரூபன் அண்ணா

ரூபன்: போன முறையும் நான்தான்

சாந்தி சித்தி: அப்ப தேவியக்காவுக்கு உப்புக் குறைஞ்சது?

வத்சலா அக்கா: அவ குடிச்சது கார்பமசெபின் எண்ட வேற வலிப்புக் குளிசை. அதுவும் இதே கதவுதான், ஆனா உடம்பில தண்ணி தேங்கி இரத்த சோடியம் இறங்கும். பெரியப்பாவுக்கு போன கிளினிக்கில 300ஐ 400 மில்லிகிராம் ஆக்கினவை எல்லே?

சாந்தி சித்தி: ஓம், மூண்டு கிழமை

வத்சலா அக்கா: அங்கதான் சந்தேகம். ஈரல் ஒரு அளவுக்கு மேல பெனிடொயினைக் கழிக்காது. அந்த எல்லையில 100 கூட்டினா இரத்த மட்டம் இரண்டு மடங்கும் ஆகலாம். மில்லிலீற்றருக்கு 10–20 மைக்ரோகிராம் சரி. 20 தாண்டினா கண்மணி ஆடும், 30 கிட்ட நடை தள்ளாடும். இரத்தத்தில இருக்கிற அல்புமின் புரதமும் பாக்கவேணும். மருந்தில 90 வீதம் புரதத்தில ஒட்டித் திரியிறது, புரதம் குறைஞ்சா மட்டம் சரியெண்டு காட்டினாலும் கூடத்தான் வேலை செய்யும். பக்கத்தில பாக்கச் சொன்னா கண் ஆடுதோ? புது மருந்து ஏதும்?

தர்ஷி: ஆடுது அக்கா

சாந்தி சித்தி: பங்கசுக்கு பிளூகொனசோல், போன கிழமை

வத்சலா அக்கா: அதுவும் மட்டத்தை ஏத்தும்! இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கடைசிக் குளிசை எத்தனை மணிக்கெண்டு எழுதிக் குடுங்கோ, மட்டத்தை அதை வச்சுத்தான் பாப்பினம். நீங்களா முழுசா நிப்பாட்டாதேங்கோ, ஓயாத வலிப்பு வரலாம்.

பெரிய மாமா: அத்தான் ஞாயிறு வாறாரோ? சாப்பாட்டுக் கணக்கு குடுக்கவேணும். வளவு எழுதேக்க சொல்லேல்லையெண்டு பேச்சு வாங்கினதும் நான்தான்

சாந்தி சித்தி: இப்ப ஏன் அந்தக் கதை

பெரியப்பா: எனக்கு ஒண்டுமில்லை. ஞாயிறு வருவன்

தர்ஷி: சுவரைப் பிடிச்சுக்கொண்டு ரைப் பண்ணுறார்

ரூபன்: வெள்ளவத்தையில நிக்கிறன். 20 நிமிசம். வான் பிறகு

சாந்தி சித்தி: குளிசையள் எல்லாம் பையில போட்டிட்டன். கிளினிக் கொப்பி எங்க?

தர்ஷி: அலுமாரிக்கு மேல