காட்டுமாட்டு பொம்மைக்குச் சுத்தக் கறுப்பு அடிக்கலாமா? வார்னிஷ் ஏன் வெள்ளையாப் பூக்குது?

ஏற்காட்டிலிருந்து கேள்வி:
வெள்ளை உலோகத்துல வார்த்த சின்ன பொம்மைங்க: காட்டுமாடு ஒண்ணு, கீரி ஒண்ணு, முயல் ரெண்டு. மலையில நேர்ல பாக்கிற நிறத்துலயே வரணும். மாட்டோட கொம்பு நுனியில நகம் பட்டாலே பெயிண்ட் உரியுது. உடம்புக்குக் கறுப்பு அடிச்சா கரிக்கட்டி மாதிரி இருக்கு, திமில் மடிப்பே தெரியல. மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சதும் முயல் ரெண்டும் வெள்ளையாப் பூத்துடுச்சு. கேன் கோளாறா?

சேலம் அஸ்தம்பட்டி பதில்:
கேன் மேல தப்பில்லைங்க, பனிமூட்டம்தான். ஸ்ப்ரேயில இருக்கிற கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சில்லுனு ஆகும். காத்து ஈரம் அதுல படிஞ்சு வார்னிஷுக்குள்ள மாட்டிக்கும். வெயில் வந்த நாள்ல மெல்லிசா ஒரு பூச்சு கிளாஸ் (gloss, பளபளப்பான) வார்னிஷ் அடிங்க, பெரும்பாலும் தெளிஞ்சுடும். அது காஞ்சப்புறம் மேட் வார்னிஷைப் பிரஷ்ஷாலயே போடுங்க. கீழ சேலத்துல இதுக்கு நேர்மாறு: சித்திரை வெயில்ல ஸ்ப்ரே காத்துலயே காஞ்சு மணல் மாதிரி ஒட்டும்.

உரியறதுக்குக் காரணம் அச்சுல தடவின பவுடரோ சிலிக்கானோ கழுவாம விட்டதுதான். மாட்டை அசிட்டோன்ல ஊறவெச்சுப் பழைய பெயிண்டை எடுங்க (ஜன்னல் திறந்திருக்கணும், அடுப்பு பக்கத்துல வேண்டாம், ஃபெவிக்விக்ல ஒட்டின கொம்பு கழண்டுடும்). அப்புறம் பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய டூத் பிரஷ். வினிகர்ல 10 நிமிஷம் போட்டு அலசினா பிடிப்பு கூடும். சாம்பல் நிற ப்ரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) 20–25 செ.மீ. தூரத்துலருந்து ரெண்டு மெல்லிய பூச்சு, ஒரு நாள் காயட்டும்.

ஏற்காடு அடிவாரம் பதில்:
நிறத்துக்கு வருவோம். கிடா மாடுகூடச் சுத்தக் கறுப்பு கிடையாதுங்க, கரும்பழுப்பு. பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு பெயிண்ட்) 3 பங்கு, கறுப்பு 1 பங்கு. திமில், தோள், தொடை மேட்டுக்கு அதுலயே பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்து ட்ரை பிரஷ்: பிரஷ்ஷைத் துணியில துடைச்சு, விரல்ல தேச்சா லேசாத் தெரியற அளவுக்கு மட்டும் பெயிண்ட் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தீங்கன்னா சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துடும்.

முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ்தான் அதோட அடையாளம். அதுலயும் அழுக்கு வெள்ளை: ஐவரியில (தந்த நிற வெள்ளை) துளி மஞ்சள் காவி. மேல் விளிம்பை நேர்க்கோடா வெட்டாம, 0 நம்பர் பிரஷ்ஷால சின்னச் சின்ன மயிர்க்கோடா இழுங்க. நெத்தி மேடு சாம்பல். கொம்பு அடியில வெளிர்மஞ்சள், நுனி கறுப்பு.

முயலுக்குப் பிடரியில கறுப்புத் திட்டை விட்டுடாதீங்க, அதுதான் நம்ம ஊர் முயல். கீரிக்கு சாம்பல்பழுப்பு மேல ஐவரியைப் புள்ளி புள்ளியாக் குத்தணும். பூசினா நரைமயிர் வராது.

சேலம் சூரமங்கலம் பதில்:
வினிகருக்கு முன்னாடி ஒரு விஷயம். பழைய பொம்மைன்னா ஈயமா இருக்கலாம். வெறும் உலோகம் தெரியற அடிப்பக்கத்தைக் காகிதத்துல இழுங்க. பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தா வினிகர் பக்கமே போகாதீங்க, அந்த அமிலம் ஈயத்தை வெள்ளைப் பொடியா அரிச்சுடும்.

கேட்டவர்:
மாடும் கீரியும் கோடு போடல. முயல் ரெண்டும் போடுது!

சூரமங்கலம்:
அப்போ முயலுக்கு வினிகர் வேண்டாம். அரம் போடணும்னா தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, தூசி பறக்கக் கூடாது. முடிச்சதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. ப்ரைமர் அடிப்பக்கத்துக்கும் போகணும். மரப்பெட்டியில வெச்சு மூடாதீங்க, சில மரத்துலருந்து வர்ற அமில ஆவியே ஈயத்தை அரிக்கும். கண்ணாடி ஜாடி போதும்.