0.1, 0.1 ஆகப் பத்து முறை கூட்டினால் 1.0 ஏன் வருவதில்லை? அறிவியல் கணக்கீட்டுக்கான நிரலாக்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

பட்டர்வொர்த் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாம் படிவம் வரை கணினிப் பாடம் எடுத்ததே இல்லை. ஒரு வினைபொருளின் செறிவு நேரத்தோடு குறைவதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்பதால், இரண்டு மாதங்களாகக் காணொளிகளைப் பார்த்துப் பைத்தான் கற்று வருகிறேன். மாறி, நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு எல்லாம் பாடமாகத் தெரியும், ஆனால் சொந்தமாக எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை.

நேற்று, நேரத்தைச் சுழியத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 0.1 கூட்டி, 1.0க்குச் சமமானதும் நிற்கும்படி ஒரு சுழற்சி எழுதினேன். பத்தே சுற்றில் முடிந்திருக்க வேண்டியது, நான் ஃபெர்ரியில் ஏறி ஜார்ஜ்டவுனில் இறங்கும் வரை, மடிக்கணினியின் விசிறி இரைய இரைய ஓடிக்கொண்டே இருந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தவறு எங்கே? ஆராய்ச்சி என்றால் ஃபோர்ட்ரான்தான் என்கிறார் ஒரு மூத்த மாணவர். மொழியை மாற்றிவிட வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:

தங்கையே, கணினியில் பழுது ஏதும் இல்லை. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதிக்கொண்டே போகலாமே தவிர, நம்மால் முடித்துவைக்க முடியாது. இரண்டின் அடுக்குகளிலேயே எண்ணிப் பழகிய கணினிக்குப் பத்தில் ஒரு பங்கு அப்படிப்பட்ட எண். கணினி பின்ன எண்களைச் சேமிக்கும் முறைக்கு 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி, அது 53 இரும இலக்கங்களோடு வெட்டிச் சீராக்கப்படுகிறது. அந்தத் துளிப் பிசகு சேர்ந்து, பத்தாவது சுற்றில் உங்களுக்குக் கிடைப்பது 0.9999999999999999, அதற்கடுத்தது 1.0999999999999999. இடையில் 1.0 வரவே இல்லை, நிரல் எதைக் கண்டு நிற்கும்? ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தை அச்சிட்டுப் பாருங்கள், கண்ணாலேயே காணலாம்.

சுற்றுகளை முழு எண்ணால் எண்ணி, அந்த எண்ணை 0.1ஆல் பெருக்கி நேரத்தைப் பெறுங்கள். தசம எண்கள் இரண்டைச் சமமா என்று ஒருபோதும் கேட்காதீர்கள்; வேறுபாடு போதிய அளவு சிறியதா என்று கேளுங்கள். இது வெறும் வகுப்பறைக் கவலையும் அல்ல. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில், பத்தில் ஒரு வினாடியை 24 இரும இலக்கங்களில் வெட்டிவைத்திருந்த பேட்ரியாட் தற்காப்புப் பொறி, 100 மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியதில் சுமார் 0.34 வினாடி பிசகி, வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படைவீரர்கள் மாண்டனர்.

ஜெலுகோர் ஆசிரியை:

மேலே ஐயா சொன்னது சரி, ஆனால் கை ஓடாததற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். இலக்கணத்தை முடித்துவிட்டுக் கணக்குக்குப் போகலாம் என்று காத்திருக்கிறீர்கள். விடை முன்பே தெரிந்த ஒரு சிறு கணக்கை எடுத்து, அதற்குத் தேவையான இலக்கணத்தை மட்டும் தேடிப் படியுங்கள்.

மாமாக் கடையில் 80 டிகிரியில் ஒரு கிளாஸ் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வருகிறது, சுற்றுப்புறம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிரும் வேகம் வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதம்; மாறிலி நிமிடத்துக்கு 0.05. சூத்திரத்தின்படி 10 நிமிடம் கழித்து 60.33 டிகிரி இருக்க வேண்டும். இதையே ஆய்லர் முறையில், அதாவது இப்போதைய வேகம் ஓர் எட்டு (ஒரே தடவையில் தாண்டும் நேர இடைவெளி) முழுதும் மாறாது என்று கொண்டு, ஒரு நிமிட எட்டாக நடந்தால் 59.94 வரும். எட்டை அரை நிமிடமாக்கினால் 60.13. எட்டு பாதியானால் பிழையும் ஏறக்குறையப் பாதியாகிறது அல்லவா? அப்படி ஆகவில்லையென்றால் நிரலில் எங்கோ தவறு என்று பொருள். பிழைச் செய்தி தராத தவறுகளைப் பிடிக்க இதைவிட நல்ல வலை எனக்குத் தெரியாது. பிறகு எட்டை 45 நிமிடமாக்கிப் பாருங்கள், சிரிப்பீர்கள்.

உங்கள் வினை முதல் வரிசை வினையாக, அதாவது வேகம் செறிவுக்கு நேர்விகிதமாக இருந்தால், அதுவும் இதே சமன்பாடுதான், சுற்றுப்புறம் சுழியமாக.

பயான் லெப்பாஸ் பொறியாளர்:

மொழியைப் பற்றிச் சுருக்கமாக: மாற்ற வேண்டாம். 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. பைத்தானின் நம்பை என்ற எண் கணக்குத் தொகுப்பில் நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னாலும், வேலையைச் செய்வது ஃபோர்ட்ரானில் பிறந்த லாபேக் என்ற தொகுப்பின் வழிமுறைகள்தாம். சுழற்சி புரிந்தபின் நம்பை அணிகளுக்குப் போங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பட்டர்வொர்த் மாணவி:

மூவருக்கும் நன்றி. 45 நிமிட எட்டில் என் தே தாரிக், சுழியத்துக்குக் கீழே 32.5 டிகிரிக்குப் போய்விட்டது! அதன்பின் என் செறிவுக் கணக்கிலும் எட்டைப் பாதியாக்கினேன். எண்கள் ஒன்றையொன்று நெருங்கின, ஆனால் சூத்திரம் தரும் விடையை நெருங்கவே இல்லை. தாளை எடுத்துப் பார்த்தால், மாறிலி வினாடிக்குத் தரப்பட்டிருக்கிறது. நான் இரண்டு மாதமாக நேரத்தை நிமிடத்தில் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.