கடைக் கணக்கு இருக்கும் கணினியில் உபுண்டுவையும் சேர்க்கலாமா?

ஈரோட்டுக்காரி:
வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கடைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மகள் கணினி அறிவியல் முதலாண்டு. கல்லூரியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பாடம் நடக்கிறதாம், வீட்டிலும் வேண்டும் என்கிறாள். விண்டோஸைத் தொடாமல் பக்கத்திலேயே நிறுவ முடியுமா?

இருதோணி:
தாராளமாக முடியும் அம்மா. முதலில் கணக்கை வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலியிடம் விடுங்கள். பென் டிரைவிலிருந்து உபுண்டுவை நிறுவும்போது, விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கிரப் என்ற துவக்க நிரலின் பட்டியல் கேட்கும். ஒன்பது ஆண்டுகளாக நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சூடுகண்டவன்:
"தாராளமாக" என்பவர்கள் கணக்கைத் தொலைத்தவர்கள் இல்லை. லினக்ஸ் போதும் என்று தோன்றிய ஒருநாள், விண்டோஸுக்குள் இருந்தபடியே அது இருந்த பார்ட்டிஷனை (வட்டின் பகுதியை) அழித்தேன். மறுமுறை திறந்தால் கருந்திரையில் 'கிரப்' என்ற ஒரு சொல், வேறொன்றுமில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினேன். மூன்று மாதக் கணக்கு போயிற்று. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளைப் போட்டு, உபுண்டுவை விண்டோஸுக்குள்ளேயே ஓட்டுங்கள்.

இருதோணி:
கிரப்பின் கோப்புகள் நீங்கள் அழித்த பார்ட்டிஷனில்தான் இருந்தன ஐயா. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திறக்கும்போது எஃப்12 (சில கணினிகளில் எஃப்9) அழுத்தி, பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்திருந்தால் போதும். கணக்கை அழித்தது உங்கள் மறுநிறுவல். மேலும், விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவுக்கு 4 ஜிபி ராம் கொடுத்துவிட்டு மீதி 4 ஜிபியில் விண்டோஸை ஓட்டினால் இரண்டுமே தவழும்.

சூடுகண்டவன்:
எஃப்12 உங்களுக்குத் தெரியும். கடையில் ஆள் காத்திருக்கும்போது இவருக்குத் தெரிய வேண்டுமா? சரி, என் தவறு என்றே வையுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பு வழியாகப் பல லினக்ஸ் நிறுவல்களைத் திறக்கவிடாமல் செய்ததே? இரட்டைத் துவக்கக் கணினிகளை அது பாதிக்காது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. அவர்கள் எந்தப் பார்ட்டிஷனை அழித்தார்கள்?

இருதோணி:
அதை மறுக்க முடியாது. ஆனால் அன்று நின்றது லினக்ஸ்தான், விண்டோஸ் திறந்தது.

ஐந்தரை:
இருவரும் சொல்லாத சில்லறைத் தொல்லை ஒன்று. கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும், லினக்ஸ் உலக நேரமாக வைக்கும். மகள் உபுண்டுவை மூடிய பிறகு நீங்கள் காலை 9 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் 3.30 காட்டலாம். கணக்கில் அதே நேரம் பதிவாகும். லினக்ஸில் ஒரே கட்டளையில் சரிசெய்யலாம், ஆனால் செய்ய வேண்டும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதி உறங்கும் அந்த வட்டில் லினக்ஸ் எழுதக் கூடாது.

முதலாண்டில் சி, பைத்தான், ஷெல் என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) போதுமே. பார்ட்டிஷன் வேலையே இல்லை, விர்ச்சுவல்பாக்ஸ் அளவுக்கு ராமும் தின்னாது. எதைச் செய்வதானாலும், சி டிரைவ் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்கத்தில் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தீர்களா?

சூடுகண்டவன்:
டபிள்யூஎஸ்எல் எனக்கும் சம்மதம்.

இருதோணி:
எனக்கில்லை. துவக்கம், வட்டு, வன்பொருள் எதையும் தொடாமல் அந்தப் பெண் என்ன கற்றுக்கொள்வாள்? கழற்றி மாட்டாமல் மிதிவண்டி பழகியவர் நடுவழியில் செயின் கழன்றால் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

சூடுகண்டவன்:
கழற்றட்டும். அப்பா அம்மா சோறு உண்ணும் வண்டியையா?

ஈரோட்டுக்காரி:
பார்த்தேன். குறியாக்கம் 'ஆன்' என்று காட்டுகிறது. நான் எதையும் பூட்டியதாக நினைவே இல்லை.

ஐந்தரை:
விண்டோஸ் 11 பல கணினிகளில் தானாகவே பூட்டிவிடும். துவக்க அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். வழக்கமாக, கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும்.

ஈரோட்டுக்காரி:
அமைத்துக் கொடுத்தது வாங்கிய கடைப் பையன். எந்த மின்னஞ்சலைப் போட்டான் என்று நாளைக் காலை போய்க் கேட்கிறேன். அதுவரை மகளுக்கு டபிள்யூஎஸ்எல்தான்.