உதவி தேவை: ‘கேப்டன்’ எரிக்சன் தரைப்படையா, கடற்படையா?

அட்டைக்கப்பல்:

வணக்கம். அட்டையில் கப்பல் மாதிரி செய்வது என் பொழுதுபோக்கு. இப்போது அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட மானிட்டரை முடித்திருக்கிறேன். தண்ணீரை ஒட்டினாற்போல் தட்டையான தளம், நடுவில் சுழலும் இரும்புக் கோபுரம், அதற்குள் இரண்டு பீரங்கி. மாதிரி நன்றாகவே வந்துவிட்டது. சிக்கல் எல்லாம் பக்கத்தில் வைக்கும் பெயர்ப் பலகையில்தான். நான் எழுதியிருப்பது இது:

“மானிட்டர், 1862. வடிவமைத்து இயக்கியவர்: சுவீடன் கடற்படை கேப்டன் ஜான் எரிக்சன்.”

அச்சுக்குக் கொடுக்கும் முன் சரிபார்த்தால் பல இடத்தில் இடிக்கிறது. ஒரு குறிப்பு கடற்படைப் பயிற்சி மாணவர் என்கிறது, இன்னொன்று தரைப்படை லெப்டினன்ட் என்கிறது. அவர் 1826-லேயே இங்கிலாந்து போய்விட்டார், கேப்டன் ஆனதோ 1827-ல். ஊரிலேயே இல்லாத ஆளுக்கு யார் பதவி உயர்வு கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு, எரிக்சன் ஒரு கர்னல், ரயில் பாதை போட்டவர் என்றும் ஒரு இடத்தில் படித்தேன். எங்கே தப்பு?

கால்வாய்க்கரை:

அந்தக் கர்னல் வேறு ஆள். ஜானின் அண்ணன் நில்ஸ், 1802-ல் பிறந்தவர். ஜான் 1803 ஜூலை 31, வேர்ம்லாந்து மாகாணத்தில் லோங்பான் என்ற சுரங்க ஊர். அப்பா கையிலிருந்த பணத்தைத் தொலைத்துவிட்டு, யோத்தா கால்வாய் வெட்டும் இடத்தில் பாறைக்கு வெடி வைக்கும் வேலையைக் கண்காணிக்கப் போனார். கால்வாயின் தலைவர் பால்ட்சார் ஃபொன் பிளாட்டன் இந்தப் பையன்கள் இருவரையும் கடற்படை இயந்திரப் பிரிவில் பயிற்சி மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார். நீங்கள் பார்த்த ‘கடற்படை’ அங்கிருந்து வந்ததுதான். கப்பல் ஏறவில்லை, நில அளவையும் வரைபடமும்தான் கற்றார்கள். மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் படைவீரர்கள். பதினான்கு வயதில் ஜானின் பொறுப்பில் 600 பேர் இருந்தார்களாம். மட்டம் பார்க்கும் கருவி எட்டாததால் முக்காலி தூக்க ஒரு ஆள் கூடவே நடந்தாராம்!

தமிழில் இருவரும் ‘எரிக்சன்’தான், அதனால்தான் இந்தக் குழப்பம். சுவீடிஷில் 1854-ல் பிரபு பட்டம் பெற்றபோது நில்ஸ் பெயரிலிருந்த இரண்டு ‘எஸ்’ஸில் ஒன்றை எடுத்துவிட்டார். ஸ்டாக்ஹோம் மத்திய ரயில் நிலையத்துக்கு வெளியே சிலையாக நிற்பவர் அவர்தான். வேடிக்கையைப் பாருங்கள், அண்ணனுக்குக் கடற்படை இயந்திரப் பிரிவில் கர்னல் பதவி, செய்ததோ ரயில் பாதை.

பழையபேப்பர்:

எரிக்சன் 1848-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அப்போது அந்த நாட்டுக் கடற்படையில் கேப்டன் ஆக்கியிருப்பார்கள். பலகையில் ‘சுவீடன்’ என்பதை ‘அமெரிக்க’ என்று மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.

முகாம்நாட்குறிப்பு:

இல்லை ஐயா, அப்படி மாற்றினால் இன்னும் தப்பாகும். அமெரிக்கக் கடற்படையில் அவர் எந்தப் பதவியும் வகித்ததில்லை, ஒப்பந்தத்துக்குக் கப்பல் கட்டிக் கொடுத்தவர். அவர் கேப்டன் ஆனது சுவீடன் தரைப்படையில்.

1820-ல், பதினேழு வயதில், பிளாட்டனுக்குப் பிடிக்காமலே கால்வாய் வேலையை விட்டுவிட்டு வடக்கே யெம்ட்லாந்து ரேஞ்சர் படைப்பிரிவில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். பிறகு லெப்டினன்ட். போர் எதுவும் இல்லாத காலம், அதனால் ராணுவத்துக்காக அந்த மாகாணத்தை அளந்து வரைபடம் போட்டார். வேலைக்குத் தக்க கூலி. இவர் அளந்த வேகத்துக்குக் கணக்கு எழுதினால் மேலிடம் கேள்வி கேட்கும் என்று சம்பளப் பட்டியலில் இரண்டு ஆளாகக் காட்டினார்கள் என்றொரு கதை உண்டு.

இதற்கிடையில் நீராவிக்குப் பதில் சூடான காற்றால் ஓடும் ‘சுடர் எந்திரம்’ ஒன்றைச் செய்தார். அதை விற்கத்தான் 1826-ல் விடுப்பு வாங்கிக்கொண்டு லண்டன் போனார். சுவீடன் விறகில் நன்றாக ஓடிய எந்திரம் இங்கிலாந்து நிலக்கரியின் சூட்டில் பாழானது. ஆனாலும் அவர் திரும்பவில்லை. விடுப்பு முடிந்தும் வராத அதிகாரி, சட்டப்படி பார்த்தால் படையை விட்டு ஓடியவர். நண்பர்கள் பட்டத்து இளவரசர் ஆஸ்கரிடம் பேசிச் சரிக்கட்டினார்கள். 1827 அக்டோபரில் கேப்டன் பதவி கொடுத்தார்கள், அவரும் கையோடு பதவி விலகினார். மானத்தோடு வெளியேற ஒரு வழி, அவ்வளவுதான். ஆக உங்கள் தேதிகளில் பிழையில்லை. படையில் கேப்டனாக அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் சாகும்வரை எல்லோருக்கும் அவர் ‘கேப்டன் எரிக்சன்’தான்.

அட்டைக்கப்பல்:

அப்பாடா, தேதிக் கணக்கு தீர்ந்தது. பழையபேப்பர் சொன்னபடி மாற்றியிருந்தால் மாட்டியிருப்பேன். அப்புறம், ‘வடிவமைத்து இயக்கியவர்’ என்பதை அப்படியே விடலாமா?

முகாம்நாட்குறிப்பு:

‘இயக்கியவர்’ கட்டாயம் போக வேண்டும். 1862 மார்ச் 9, ஹாம்ப்டன் ரோட்ஸ் சண்டையில் மானிட்டரை நடத்தியவர் ஜான் வோர்டன். குண்டு வெடித்துக் கண்ணில் அடிபட்டவரும் அவரே. எரிக்சன் அன்று கப்பலில் இல்லை. தமிழில் கப்பல் தலைவரும் கேப்டன், படைப்பிரிவு அதிகாரியும் கேப்டன். உங்களை ஏமாற்றியது அந்த ஒரு சொல்தான். வோர்டன் பதவியால் லெப்டினன்ட், ஆனால் அந்தக் கப்பலின் கேப்டன். எரிக்சன் பதவியால் கேப்டன், எந்தக் கப்பலுக்கும் கேப்டன் இல்லை.

கால்வாய்க்கரை:

அமெரிக்கக் கடற்படைக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1844 பிப்ரவரியில் அவர் வடிவமைத்த பிரின்ஸ்டன் கப்பலில், ஸ்டாக்டன் என்ற கடற்படை அதிகாரி செய்வித்த பீரங்கி வெடித்து வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் இறந்தார்கள். பீரங்கி எரிக்சனுடையது அல்ல, ஆனால் பழி அவர் மேலும் விழுந்தது. அதற்குப் பிறகும் 1861 அக்டோபரில் அவரிடமே வந்து 100 நாளில் கப்பல் கேட்டார்கள் என்றால் எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும்! 1862 ஜனவரி 30-ல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று ஹாட்டெராஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. பலகையில் ‘1862’ என்று மட்டும் போட்டிருப்பது தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது, அதன் முழு ஆயுளும் அந்த ஓர் ஆண்டுக்குள்தான்.

பழையபேப்பர்:

நான் ஊகத்தில் எழுதியது, மன்னிக்கவும். அவர் கல்லறை அமெரிக்காவிலா, சுவீடனிலா?

முகாம்நாட்குறிப்பு:

இறந்தது 1889 மார்ச் 8, நியூயார்க். மறு ஆண்டு அமெரிக்கப் போர்க்கப்பல் பால்டிமோர் உடலைச் சுவீடனுக்குக் கொண்டுபோனது. பிறந்த ஊருக்குப் பக்கத்தில் ஃபிலிப்ஸ்டாடில் அடக்கம்.

அட்டைக்கப்பல்:

எல்லோருக்கும் நன்றி. திருத்திய பலகை:

“மானிட்டர், 1862. வடிவமைப்பு: ஜான் எரிக்சன் (1803–1889), சுவீடன் தரைப்படையின் முன்னாள் கேப்டன். சண்டையில் தலைமை: லெப்டினன்ட் ஜான் வோர்டன்.”

மூன்று வரி ஆகிவிட்டது, பலகையோ இரண்டு வரிக்குத்தான் வெட்டியிருக்கிறேன். வேறு அட்டை வெட்டப் போகிறேன்.