தாய் (Thai) சாக்புரூட் என்ற புழு வைரஸ் நோய் வந்த தேனீப் பெட்டி: உங்களுக்கு என்ன அனுபவம்?

தாண்டிக்குடிக்காரன்:
காபித் தோட்டத்துக்குள் 8 பெட்டி வைத்திருக்கிறேன், எல்லாம் அடுக்குத் தேனீ. மாசியில், காபி பூக்கிற சமயம் பார்த்து ஒரு பெட்டி வாசலில் நடமாட்டம் குறைந்துபோனது. புழு அடையைத் தூக்கிப் பார்த்தால் மூடிய அறைகளில் அங்கங்கே ஓட்டை. உள்ளே புழு தலையைத் தூக்கிக்கொண்டு படகு மாதிரி வளைந்து கிடந்தது. ஊசியால் மெல்ல இழுத்தேன், நீர் கோத்த பையாகத் தொங்கியது. கடைசித் தோலை உரிக்க முடியாமல், தோலுக்கும் உடம்புக்கும் நடுவில் நீர் சேர்ந்து செத்திருக்கிறது. 1991-92ல் அப்பாவின் பெட்டிகளைக் காலி செய்ததும் இதே வைரஸ்தான்.

கடையில் சொன்னார்கள் என்று ஆன்டிபயாட்டிக்கைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்தேன். காசுக்குக் கேடு. யாராவது மீண்டதுண்டா?

கோத்தகிரி அக்கா:
ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்குத்தான் தம்பி, வைரஸை ஒன்றும் செய்யாது. எனக்கு 3 பெட்டியில் வந்து 2 தப்பியது.

தேனீக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. ஆனால் கையில் கத்தரி இருக்கிறது. வைரஸ் செல்லுக்குள் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. (வைரஸின் மரபுக் குறிப்பு எழுதிய இழை) உண்டாகும். டைசர் என்ற நொதி அதைப் பொடிப்பொடியாக நறுக்கும். ஒரு துண்டு சுமார் 22 எழுத்து நீளம். அந்தத் துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு ஆர்கோனாட் என்ற புரதம், அதே வரிசையுள்ள வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து வெட்டிவிடும். வைரஸ் லேசுப்பட்டதில்லை. பூச்சி வைரஸ்கள் சிலவற்றிடம் இந்தக் கத்தரியையே மழுக்குகிற புரதம் உண்டு.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். வளர்ந்த தேனீக்குத் தொற்றினாலும் பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். சீக்குப் புழுவை இழுத்துப் போடுகிற செவிலித் தேனீயின் ஊட்டுச் சுரப்பியில் வைரஸ் பெருகும். அந்தத் தேனீ மகரந்தம் தின்பதைக் குறைத்து, வயசுக்கு முன்னாலேயே தேன் தேடக் கிளம்பிவிடும். அப்புறம் புழுவுக்கு ஊட்டாது. கூடு தன்னைக் காத்துக்கொள்ளும் விதங்களில் இதுவும் ஒன்று என்றுதான் எனக்குப் படுகிறது. செவிலி ஆள் குறைந்து கூடு மெலிவதும் இதனால்தான்.

சீக்கு அடையை எரித்துவிடுங்கள். ராணியைச் சின்னக் கூண்டில் 15 நாள் அடைத்து முட்டையை நிறுத்துங்கள். புழு இல்லாவிட்டால் வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறையும். சீக்கு அடையை வெட்டிய கத்தியோடு அடுத்த பெட்டிக்குப் போகாதீர்கள்.

தாண்டிக்குடிக்காரன்:
அக்கா, 3 அடையை எரித்தேன். அடைந்த ராணியைச் சுற்றித் தேனீக்கள் மொய்த்ததைப் பார்க்கவே பாவமாக இருந்தது. திறந்துவிட்ட 12ஆம் நாள் பார்த்தேன். கைப்பிடி அகலத்துக்கு மூடிய புழு, ஓட்டை ஒன்றுகூட இல்லை. காபித் தேன் மட்டும் இந்த வருசம் போச்சு. பக்கத்துப் பெட்டியை நாளைக் காலை திறக்கணும். கத்தியைக் கொதிநீரில் போட்டு வைத்திருக்கிறேன்.