மறு: ‘கான்ஸ்டன்ட் ஸ்பீட் புரொப்பெல்லர்’: ‘மாறா வேகம்’ வேண்டாம், ‘நிலைச்சுற்று’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

விமானத்தின் ‘கான்ஸ்டன்ட் ஸ்பீட் புரொப்பெல்லர்’, அதாவது அமைத்த சுற்று குலையாதபடி இதழ்களின் கோணத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் விசிறி, அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> கான்ஸ்டன்ட் ஸ்பீட் என்றால் மாறாத வேகம். ‘மாறா வேக முற்செலுத்தி’ என்று நேராகவே சொல்லிவிடலாமே?

சொல்லலாம் ஐயா, ஆனால் எதன் வேகம் என்ற கேள்வி வரும். நாம் கையேடு எழுதுவது வீட்டில் கட்டும் சிறு விமானங்களுக்கு, அதிலும் மாஸ்டா 13பி என்ற கார் எஞ்சினைப் போன்ற வான்கெல் (ரோட்டரி) எஞ்சின் பொருத்தியவற்றுக்கு. அந்த எஞ்சினுக்குள் முக்கோணச் சுழலி நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போது, விலகுமையத் தண்டு (எஞ்சினின் திறன் வெளியேறும் தண்டு) அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 7,500 சுற்று சுற்றுகிறது. அந்தத் தண்டில் விசிறியை நேராக மாட்டினால் இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கில் ஓடும். அதனால் நடுவில் ஒரு பற்சக்கரப் பெட்டி வைக்கிறார்கள். 2.85-க்கு 1 என்ற விகிதம் என்றால் விசிறிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2,630 சுற்று. இத்தனைக்கும் மேலே விமானம் காற்றில் போகும் வேகம் தனி. ஆக ஒரே இயந்திரத்தில் நான்கு வேகங்கள். ‘மாறா வேகம்’ என்று படிக்கும் புதியவர், விமானம் ஒரே வேகத்தில் போகும் என்றுதான் முதலில் நினைப்பார். அது முழுக்கத் தவறான பொருள்.

லைகாமிங் மாதிரி வழக்கமான விமான எஞ்சினில் விசிறி நேராக வணரித் தண்டிலேயே (கிராங்க் ஷாஃப்ட்) உட்காருவதால் எஞ்சின் சுற்றும் விசிறிச் சுற்றும் ஒன்றுதான். அங்கே இந்தக் குழப்பம் பாதிதான் வரும். வான்கெல் எஞ்சினில் சுற்றுமானி காட்டுவது பெரும்பாலும் தண்டின் சுற்றை. விசிறிச் சுற்று வேண்டுமென்றால் விகிதத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். எனவே ‘வேகம்’ என்ற சொல்லை விமானத்தின் வேகத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, சுழல்வதற்கெல்லாம் ‘சுற்று’ என்றே எழுதுவோம் என்பது என் முதல் கோரிக்கை.

அப்படி எடுத்துக்கொண்டால் சொற்கள் தாமாகவே வரிசையாக நிற்கின்றன. புரி என்று நான் சொல்வது ‘பிட்ச்’: இதழ்களின் கோணத்தால் விசிறி ஒரு சுற்றுக்கு முன்னேறும் தொலைவு. இதழ்களின் கோணம் மாறாத சாதாரண விசிறி நிலைப்புரி. அதில் புரி நிற்கும், சுற்று மாறும். நாம் பேசிக்கொண்டிருப்பது நிலைச்சுற்று. இதில் சுற்று நிற்கும், புரி மாறும். இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வேலை செய்யும் முறை விளங்கிவிடுகிறது. இவை இரண்டுக்கும் நடுவே மாறுபுரி என்ற ஒன்றும் தேவை. 1933-இல் விசிறி செய்யும் ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கும் அதன் பொறியாளர் ஃபிராங்க் கால்டுவெல்லுக்கும் அமெரிக்க விமானத் துறையின் காலியர் பரிசு கிடைத்தது விமானி மாற்றக்கூடிய புரியை உருவாக்கியதற்காக. சுற்றைத் தானே பார்த்துப் புரியை மாற்றிக்கொள்ளும் அமைப்பு அதற்குப் பிறகு வந்த படி. எல்லா நிலைச்சுற்றும் மாறுபுரிதான், எல்லா மாறுபுரியும் நிலைச்சுற்று அல்ல.

> விமானி நெம்புகோலை இழுத்தால் சுற்று மாறுகிறதே, அப்புறம் எப்படி ‘நிலை’?

நல்ல கேள்வி. அதனால்தான் ‘மாறாச்சுற்று’ என்பதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை சுற்று என்பதை விமானி அமைக்கிறார்; அமைத்த சுற்றில் நிலைக்க வைப்பது கருவியின் வேலை. ‘நிலை’ இந்த இரண்டுக்கும் இடம் தருகிறது, ‘மாறா’ தரவில்லை.

புரொப்பெல்லருக்கு ‘முற்செலுத்தி’ எனக்கு ஒட்டவில்லை. விசிறியைப் பின்னால் வைத்துத் தள்ளும் விமானங்களும் நம் பட்டியலில் இருக்கின்றன. ‘முன்’ என்றதும் மூக்கில் இருப்பது என்று படிக்கிறார்கள். உந்துவிசைக்கு ஏற்கெனவே சொல் இருக்கும்போது உந்துவிசிறி இயல்பாக வருகிறது, எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியிலிருந்தும் பிரிந்து நிற்கிறது. பிளேடுக்கு ‘அலகு’ வேண்டாம், அளவின் அலகோடு மோதும். ‘இறக்கை’ என்றால் விமானத்தின் இறக்கையோடு மோதும். இதழ் போதும். ஒன்று மட்டும்: அப்படியானால் வால்வை ‘அடைப்பிதழ்’ என்று எழுதக் கூடாது, ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் திணறுவார். வால்வு வால்வாகவே இருக்கட்டும்.

புரி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்கிவிடுகிறேன். திருகில் ஒரு சுற்றுக்கு முன்னேறும் தொலைவைப் புரியிடைத் தூரம் என்று பாடநூலிலேயே படித்திருக்கிறோம். உந்துவிசிறியும் காற்றில் ஏறும் திருகுதான், அதனால் அதே சொல்லைச் சுருக்கிக்கொள்ளலாம். கோர்ஸ் பிட்ச், ஃபைன் பிட்ச் என்பவற்றைச் சிலர் ‘கரடு’, ‘நுண்’ என்று போட்டிருந்தார்கள். இங்கே மேற்பரப்பைப் பற்றிய பேச்சே இல்லையே. ஒரு சுற்றில் நெடுந்தொலைவு போனால் நெடும்புரி, குறைவாகப் போனால் குறும்புரி. குறில், நெடில் பழகிய நமக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. சுழலும் திசைக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி ஏற்கெனவே இருக்கின்றன. அதைக் கையேட்டில் கட்டாயம் குறிக்க வேண்டும்: வெளிவளையம் அசையாமல் நிற்கும் கோள்வகை (பிளானெட்டரி) பற்சக்கரப் பெட்டி திசையை மாற்றாது, வெளிப்புறமாகக் கடிக்கும் இரண்டே சக்கரங்கள் கொண்ட பெட்டி மாற்றிவிடும். தவறான சுழியில் இதழ் வாங்கிவிட்டால் அந்த விசிறி அந்த எஞ்சினுக்குப் பயன்படாது.

ஹைட்ராலிக் என்பதற்கு ‘நீரியல்’ போட்டிருக்கிறோம். அகராதியில் சரி, ஆனால் இங்கே நீர் எங்கும் இல்லை. எஞ்சினின் எண்ணெயேதான் விசிறியின் குடம் (இதழ்கள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதி) வரை போய்ப் புரியை மாற்றுகிறது. எண்ணெயழுத்த என்று சொன்னால் கட்டுபவருக்கு எந்தக் குழாயை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது உடனே புரியும். மோட்டாரால் புரியை மாற்றுவது மின்னியக்க வகை.

சுற்றை நிலைக்க வைக்கும் கருவியான கவர்னருக்கு ‘வேக ஆளுநர்’ என்ற பரிந்துரையில் ‘வேகம்’ மட்டுமல்ல, ஈறும் இடிக்கிறது. ‘அர்’ ஆளுக்கு, ‘இ’ கருவிக்கு. ‘ஆளி’ என்றால் இலங்கை நண்பர்களுக்கு அது சுவிட்ச். சுற்றுச்சீராக்கி என்றால் எல்லோருக்கும் பொதுவாகும், மின்னழுத்தச் சீராக்கி போல. உள்ளே இருப்பது நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் 1788-இல் பொருத்திய அதே தத்துவம்: சுழலும் எடைகள் சுற்று கூடினால் விரியும், ஒரு சுருள்வில் அவற்றை எதிர்த்து அழுத்தும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு எண்ணெயை விடும் அல்லது வடிக்கும். இதில் வான்கெல் எஞ்சினுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. விமானச் சுற்றுச்சீராக்கிகள் உந்துவிசிறியின் சுற்றுக்கு நெருக்கமாகச் சுழல வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. 7,500-இல் ஓடும் தண்டிலிருந்து அப்படியே இயக்க முடியாது. பற்சக்கரப் பெட்டியின் வெளியேறும் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது தனியாக ஒரு குறைப்பு வேண்டும். அந்தப் பெட்டிக்கு சுற்றுக்குறைப்பி என்று பெயர் வைத்தால் நிலைச்சுற்று, சுற்றுச்சீராக்கி, சுற்றுக்குறைப்பி, மிகைச்சுற்று (ஓவர்ஸ்பீட், வரம்பை மீறிய சுற்று) எல்லாம் ஒரே வேரில் வந்துவிடும்.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத ஒரு சொல். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஏனென்றால் பொருத்தும் வேலை வெற்றி பெறுவதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். அசையாமல் நிற்கும் உறையிலிருந்து, சுழன்றுகொண்டிருக்கும் உள்ளீடற்ற தண்டுக்குள் எண்ணெய் போக வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு வளையம், அதில் ஒரு வரிப்பள்ளம், தண்டில் துளைகள். லைகாமிங்கில் முன் தாங்கியே (பேரிங்) இந்த வேலையைச் செய்துவிடுகிறது. கார் எஞ்சினும் அதற்கென்று கட்டிய சுற்றுக்குறைப்பியும் சேர்ந்த அமைப்பில் இதை நாம்தான் செய்ய வேண்டும். உள்ளீடுள்ள தண்டு இருக்கும் பெட்டியில் இதற்கு வழியே இல்லை. பலர் மின்னியக்க வகைக்குப் போவதற்கு அது ஒரு காரணம்.

வளையத்துக்கும் தண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? தண்டு எஃகு, 50 மி.மீ. விட்டம் என்று வையுங்கள். வளையம் அலுமினியம். இரண்டும் 80 பாகை செல்சியஸ் சூடேறினால் அலுமினியம் கூடுதலாக விரிந்து, விட்டத்தில் ஏறக்குறைய 0.04 மி.மீ. இடைவெளி கூடிவிடும். குளிரில் 0.04 வைத்திருந்தால் சூட்டில் அது இரட்டிப்பு. இப்படிப்பட்ட மெல்லிய சந்தில் கசிவு இடைவெளியின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடும், ஆக 2×2×2, எட்டு மடங்கு. சூடான எண்ணெய் நீர்த்தும் போயிருக்கும், எனவே அதற்கும் மேலே. தரையில் குளிர்ந்த எண்ணெயில் அழகாக வேலை செய்த அமைப்பு, மேலே ஏறிய பிறகு சுற்றைப் பிடிக்க முடியாமல் அலைவது இப்படித்தான். அதற்காக இறுக்கமாக வைத்தால் தண்டைக் கவ்விவிடும். வளையத்தையே எஃகிலோ வெண்கலத்திலோ செய்து, அதை உறையில் சற்று மிதக்க விடுவது நல்ல வழி.

இதற்கு ‘புகுவளையம்’ என்று முதலில் எழுதத் தோன்றும். ஆனால் எண்ணெய் இதே வழியாகத் திரும்பியும் வருகிறது: இதழ்களின் அடியில் எதிரெடை இல்லாத வகையில் புரி நெடியதாகும்போது உள்ளே, குறுகும்போது வெளியே; எதிரெடை உள்ள வகையில் நேர்மாறு. இரு வழிக்கும் பொதுவாக எண்ணெய்க் கடவுவளையம் என்று வைக்கலாம். கடவுப்பாதை, கடவுச்சீட்டு எல்லாம் புழக்கத்தில் இருப்பதால் பொருள் தெளிவாகவே இருக்கும்.

ரோட்டரி எஞ்சின் பற்றி ஒரு வரி. ‘சுழல் எஞ்சின்’ என்றால் முதல் உலகப் போர்க் காலத்து நோம், லெ ரோன் எஞ்சின்களும் அதில் அடங்கிவிடும். அவற்றில் உருளைகளே விசிறியோடு சேர்ந்து சுற்றின. அவற்றைச் சுழலுருளை எஞ்சின் என்றும், வான்கெலைச் சுழலி எஞ்சின் என்றும் பிரித்துக்கொள்வோம்.

சொற்கள் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்க்கக் கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“எதிரெடை இல்லாத எண்ணெயழுத்த நிலைச்சுற்று உந்துவிசிறியில், கடவுவளையம் கசிந்தோ எண்ணெய் தீர்ந்தோ அழுத்தம் போனால், சுழலும் இதழ்களின் மையவிலக்கு முறுக்கம் அவற்றைக் குறும்புரிக்குக் கொண்டுபோகும். பயண வேகத்தில் இது நேர்ந்தால் மிகைச்சுற்று உடனே வரும். 2.85 விகிதச் சுற்றுக்குறைப்பியில், உந்துவிசிறி 3,000 சுற்றைத் தொடும்போது விலகுமையத் தண்டு 8,550-இல் இருக்கும். எரிபொருள் நெம்புகோலைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, விமானத்தின் வேகத்தை முதலில் குறைக்கவும். எதிரெடை உள்ள வகையில் விளைவு நேர்மாறு: இதழ்கள் நெடும்புரிக்குப் போகும், சுற்று விழும். புறப்படும் முன் எண்ணெய் சூடான பிறகு புரி நெம்புகோலை இரண்டு மூன்று முறை இழுத்துத் தள்ளி, ஒவ்வொரு முறையும் சுற்று விழுந்து மீள்கிறதா என்று பார்க்கவும்.”

இதில் ‘எரிபொருள் நெம்புகோல்’ எனக்கு நிறைவாக இல்லை. ‘திராட்டில்’ (throttle) எனப்படும் அந்த நெம்புகோல் திறந்து மூடுவது காற்றின் வழியை. பக்கத்திலேயே புரி நெம்புகோலும் இருப்பதால் அவசரத்தில் படிப்பவருக்கு இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். சுழலுருளை, சுழலி இரண்டும் நெருக்கமாக ஒலிக்கின்றன என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள். மற்றவற்றில் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.