1990 எம்எக்ஸ்-5 காருக்கு 1995 எஞ்சின்: மாற்றலாமா, இருப்பதையே சரிசெய்யலாமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இரண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 நிற்கின்றன. முதல் கார் 1990 மாடல், 1.6 லிட்டர். பதினோரு வருடமாக என்னோடு இருக்கிறது. துணிக்கூரையில் விழும் தண்ணீர் வடிகிற குழாய்களை வருடத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்துவிடுவேன். அதனால் பாடியில் துருவே கிடையாது. ஆனால் எஞ்சின் தளர்ந்துவிட்டது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்த்தேன்: மூன்று சிலிண்டரில் 170 பிஎஸ்ஐ பக்கம் வருகிறது, நான்காவதில் 120தான். அதோடு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) கிராங்க் புல்லி, அதாவது எஞ்சினின் சுழல்தண்டு முனையில் உள்ள சக்கரம், லேசாக ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது. முன்பு ஒருவரிடம் டைமிங் பெல்ட் மாற்றக் கொடுத்தேன், அதற்கு அப்புறம்தான் இந்த ஆட்டம் ஆரம்பித்தது.

இரண்டாவது 1995 மாடல், 1.8 லிட்டர். உதிரிப் பாகத்துக்காக வாங்கியது. பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. ஆனால் எஞ்சின் சாவி திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது, கியரும் வழுக்கிக்கொண்டு விழுகிறது.

1.8 எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் (சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பாகம்) எல்லாவற்றையும் 1990 காருக்கு மாற்றலாமா? எனக்குக் கூடுதல் பவர் முக்கியமில்லை. அந்த 1.6 ஐயாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் எழும் சத்தத்துக்காகவே வளைவுப் பாதையைத் தேடிப் போயிருக்கிறேன். அதை இழக்க மனசு வரவில்லை. ஆனால் கார் நிற்பதைப் பார்க்கவும் முடியவில்லை.

பதில் 1

நண்பரே, எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. நான்காவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்பக் கம்ப்ரஷன் பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு. ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதி) மட்டும் கழற்றி வேலை பார்த்தால் போதும், உங்கள் 1.6 பிழைத்துக்கொள்ளும்.

புல்லி ஆடுவது எனக்கு அதைவிடக் கவலை. 1990, 1991 ஆரம்ப மாடல்களில் கிராங்க்கின் முன்முனை குட்டையாக இருக்கும். புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் அந்த வகை, எட்டு இருந்தால் நீளமான வகை. குட்டை முனையில் நடு போல்ட் சரியான டார்க்கில் (இறுக்கும் விசை) இறுகவில்லை என்றால் புல்லி அசைந்து அசைந்து சாவியும் (புல்லி வழுக்காமல் கிராங்க்கோடு பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) அது உட்காரும் பள்ளமும் தேய்ந்துபோகும். தேய்ந்தால் டைமிங் நகரும். ஆனால் டைமிங் நகர்ந்தால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து இறங்கும், ஒன்று மட்டும் இறங்காது. எனவே உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கலாம். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பதில் 2

நான் இதே மாற்றத்தைச் செய்து முடித்தவன். இரும்பு வேலை எளிது. இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்: 1597 சிசி, 1839 சிசி. கியர்பாக்ஸ் பல்விகிதங்களும் ஒன்றுதான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மேலே தூக்கிவிடலாம். 1.8-இன் கிளட்ச் 215 மில்லிமீட்டர், 1.6-இல் 200. அதனால் ஃப்ளைவீலும் கிளட்சும் 1.8 எஞ்சினோடேயே வரட்டும்.

என்னை அழவைத்தது வயரிங்தான். ஏழு வார இறுதிகளில் நான்கு அதற்கே போனது. பழைய 1.6-இன் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) காற்றை அளக்க மடல் வகை மீட்டரை எதிர்பார்க்கிறது, 1.8-இல் இருப்பது ஹாட்வயர் வகை. மேனுவல் கியர் 1.6-இல் த்ராட்டில் சென்சார் வெறும் சுவிட்ச், மூடியிருக்கிறதா முழுக்கத் திறந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும். 1.8-இல் அது தொடர்ந்து அளவு சொல்லும். நான் இரண்டையும் கலந்துவிட்டேன். ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. எந்த ஈசியூ வைக்கிறீர்களோ அதற்குரிய சென்சார்கள்தான் எஞ்சினில் இருக்க வேண்டும்.

டிஃபரென்ஷியலை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். 1.6-இல் ரிங் கியர் 6 அங்குலம், 1.8-இல் 7. டிஃபரென்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட், நான்கும் ஒரு செட். கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீள அலுமினியச் சட்டத்தைத் திரும்ப மாட்டும்போது கியர்பாக்ஸ் உயரத்தை அளந்து இறுக்குங்கள். நான் கண் அளவில் இறுக்கினேன், 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் முழுக்க நடுங்கியது.

முன் பிரேக் டிஸ்க்கும் 1.8-இல் பெரிது, 235-க்குப் பதில் 255 மில்லிமீட்டர். கார் பிரிந்து கிடக்கும்போதே அதையும் மாட்டிவிடுங்கள்.

பதில் 3

எனக்கு இதில் உடன்பாடில்லை. கேட்டவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார், பவர் வேண்டாம் என்று. 1.8-இல் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடும், அது நிஜம். ஆனால் டிஃபரென்ஷியலின் பல்விகிதம் 4.30-இலிருந்து 4.10 ஆகிவிடும். அதே டயரில் ஐந்தாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 150 ஆர்பிஎம் குறையும். நெடுந்தூரத்துக்குச் சுகம். வளைவுப் பாதையில் அந்தத் துடிப்பு கொஞ்சம் மங்கும். வால்வு வேலையோடு முடிகிறது என்றால் 1.6-ஐயே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பதினோரு வருடப் பழக்கம் சும்மா இல்லை.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆயில் விட்டுப் பார்த்தேன். 120 இருந்தது 123 ஆனது, அவ்வளவுதான். அப்போ வால்வுதான். சந்தோஷத்தில் அப்படியே புல்லியையும் கழற்றினேன். நான்கு வெட்டு. சாவி ஒரு பக்கம் அரைந்து நெளிந்திருக்கிறது. கிராங்க்கில் உள்ள பள்ளமும் அகன்றுவிட்டது, புதுச் சாவி வைத்தால் நகத்தால் தள்ளினாலே அசைகிறது.

பதில் 1

பள்ளம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தால் பூட்டும் பசை போட்டுப் புதுச் சாவியோடு இறுக்கிப் பலர் ஓட்டுகிறார்கள். நகத்துக்கே அசையும் அளவு என்றால் நான் அதை நம்பி ஓட்டமாட்டேன். கிராங்க் மாற்ற எஞ்சினை எப்படியும் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிய பின் அந்த இடத்தில் நல்ல 1.8 ஏறுவதே சரி. ஆனால் 1995 காரைப் பிரிப்பதற்கு முன் அதன் நான்கு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். சூடான பின் ஆயில் பிரஷரையும் பாருங்கள். உடனே பிடித்துக்கொள்கிறது என்பது மட்டும் சான்று இல்லை. பதிவுச் சான்றில் எஞ்சின் எண் மாற்றம், இன்சூரன்ஸ், இரண்டையும் கேட்டுவிட்டே ஸ்பானரைக் கையில் எடுங்கள்.

பதில் 3

பள்ளமே போய்விட்டதென்றால் நானும் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். மாற்றுங்கள். ஆனால் அந்த 1.6-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

போடமாட்டேன் அண்ணா. நீள முனைக் கிராங்க் உள்ள 1.6 கீழ்ப்பகுதி ஒன்று கிடைக்கும்வரை ஹெட்டைச் சரிசெய்து எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கப்போகிறேன்.

இன்று காலை 1.8-ஐ அளந்தேன்: 178, 180, 176, 179. ஆயில் பிரஷரும் சூட்டில் நிலையாக நிற்கிறது. வயரிங்கில் கலப்பு வேண்டாம் என்று 1995-இன் ஈசியூ, சென்சார்கள், எஞ்சின் ஹார்னஸ் (வயர் கட்டு) எல்லாவற்றையும் முழுதாக எடுக்கிறேன். பாடி வயரிங்கோடு சேரும் இடத்தை இரண்டு காரின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன். ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப் ஒட்டி எண் எழுத ஆரம்பித்துவிட்டேன், இப்போது இருபத்தாறில் நிற்கிறேன். பதிவு விஷயத்துக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதில் வந்ததும் எஞ்சின் இறங்கும்.